உதடு படக் குடிக்கும் தண்ணீர்

அவர் யாரையும் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டதில்லை. நேராகவும் கேட்டதில்லை, சுற்றி வளைத்தும் கேட்டதில்லை. அப்பா என்ன வேலை, சொந்த ஊர் எது, குலதெய்வம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கடைசியில் அங்கே வந்து நிற்கும் மனிதர்களைத்தான் எனக்கு அதுவரை தெரியும். வேலைக்குச் சேரப் போன அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"உனக்குப் பூகோளம் பிடிக்குமா?"

பிடிக்கும் என்றேன். பொய்தான். "அப்ப நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள், நாலு தேசத்தில் நாலு பேராக இருக்கிறார்கள், எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருபத்தைந்து வருஷம் வெளிநாடுகளில் ஏதோ ஒரு சர்வதேச அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று அடையாறில் மாமரம் வைத்த வீட்டில் வந்து உட்கார்ந்தவர் என்பது போதும். தொண்ணூறுகளின் நடுவில் மூன்று வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் அப்படிச் சொல்ல மாட்டார். வருகிறவர்களிடம் "என் சக ஊழியர்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்வார். முதல் தடவை கேட்டபோது யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

நான் சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய காலனியில் பிறந்தவள். அப்பா கார்ப்பரேஷன் குப்பை லாரியில் போய்க்கொண்டிருந்தவர். நாங்கள் யார் என்பது சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி எழுதியிருக்கும், மற்றவர்கள் வாயில் வேறு மாதிரி வரும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சைதாப்பேட்டை என்று மட்டும் சொல்லியிருந்தேன். சைதாப்பேட்டையில் எல்லாரும்தானே இருக்கிறார்கள். வீட்டில் 'இன்னா' என்பேன், அடையாறு பஸ்ஸில் ஏறியதும் 'என்ன' என்று மாறிக்கொள்வேன். ஒரு நாள் அம்மாவுக்கு மயக்கம் என்று செய்தி வந்தபோது தன் காரையே கொடுத்தனுப்பினார். கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டு, கார் போன பிறகு காலனிக்கு ஓடினேன்.

யாரும் எதுவும் கேட்காத ஒரு இடம் இந்த ஊரில் இருக்கிறதே என்று அப்போது எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம். அதை இப்போது மறைத்து எழுதினால் நான்தான் பொய்க்காரி ஆவேன்.

அவருக்கு ஒரு வாசகம் உண்டு. "மனுஷன் ஒண்ணுதான், விசாதான் வேற வேற." வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். வெள்ளைக்காரன், கறுப்பன், சீனாக்காரன் என்று யாராவது சொன்னால் "ஊர்ப் பேரச் சொல்லு" என்று திருத்துவார். பூணூலை ஜெனீவாவில் ஒரு ஓட்டல் குளியலறையில் கழற்றி வைத்துவிட்டு வந்ததை ஒரு கதையாகவே வைத்திருந்தார். ஆவணி அவிட்டத்தன்று மட்டும் மயிலாப்பூரில் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டு வருவார். "அண்ணாவோட மனசு நோகக் கூடாதும்மா" என்பார். அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொள்வேன். எங்களிடம் அவர் பேசுவது பொதுவான தமிழ். உள்ளே தன் மனைவியிடம், அதாவது மாமியிடம், பேசும்போது மட்டும் 'ஆத்துல', 'சொல்லிண்டு' எல்லாம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலில் கூட்டம் நடக்கும். ஆராய்ச்சி மாணவர்கள், நடனம் கற்க வந்தவர்கள், அவருடைய பழைய நண்பர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் ஜமக்காளத்தில் வட்டமாக உட்காருவார்கள். அவரே கண்டுபிடித்த ஒரு சடங்கு உண்டு. வருகிறவர்கள் தங்கள் இடத்துத் தண்ணீர் கொஞ்சம் கொண்டு வரவேண்டும். எல்லாவற்றையும் ஒரு பெரிய பித்தளைச் சொம்பில் ஊற்றுவார்கள். யார், எந்த நாடு, எங்கிருந்து கொண்டு வந்த தண்ணீர் என்று நான் ஒரு நோட்டில் எழுதுவேன். ஜெர்மன்காரர் அடையாறு கடையில் வாங்கிய மினரல் வாட்டர் பாட்டிலைக் கொடுப்பார். அதையும் 'ஜெர்மனி' என்றுதான் எழுதுவேன். நானும் வாரா வாரம் எங்கள் தெருக் குழாயிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு போவேன்.

பிறகு சொம்பு கைமாறிச் சுற்றி வரும். அதில்தான் விசேஷம். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கூடாது. உதடு படக் குடிக்க வேண்டும்.

"எச்சில்னு ஒண்ணு கிடையாது. அது பயம். பயத்துக்கு நாம வச்ச பேரு" என்பார்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று புரியாது. எனக்குப் புரியும். வட்டத்தில் என் இடம் அவருக்கு முந்தையது. நான் குடித்துவிட்டுக் கொடுப்பேன், அவர் கடைசியாக வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். அவர் ஊரில், அவர் தெருவில், அவர் அப்பா காலத்தில் இப்படி ஒன்றை யாராவது நினைத்திருப்பார்களா? அம்மாவிடம் சொன்னேன். "அவருக்குத் தெரியுமா?" என்று அம்மா கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

மாடியில் குளியலறையோடு இரண்டு அறைகள் இருந்தன. வாடகைக்கு என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் போன் வந்துகொண்டே இருக்கும். அவர் எடுக்க மாட்டார்.

"பேர மட்டும் கேட்டு எழுதி வச்சுக்கோம்மா. வேற ஒண்ணும் கேக்காதே, கேக்கறது அநாகரிகம்" என்பார்.

நான் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுப்பேன். அவர் பென்சிலால் சில பெயர்களுக்கு நேரே சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்தவர்கள் திரும்பக் கூப்பிட்டால் இடம் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். அசோக் நகரில் குடியிருந்த ஒரு பேங்க் அதிகாரி, உருது பேசுகிற குடும்பம், மூன்று தடவை கூப்பிட்டார். மகளுக்கு அடையாறில் காலேஜ் கிடைத்திருக்கிறதாம். அவ்வளவு மரியாதையாகப் பேசினார். மூன்றாவது தடவை நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "பரவாயில்லைம்மா, உங்க மேல தப்பில்ல" என்று வைத்துவிட்டார். மாடி இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. பிறகு மொராக்கோவிலிருந்து ஒரு சரித்திரப் பேராசிரியர் வந்து நாலு மாதம் தங்கினார். அவர் தொழுவதற்கு மேற்கு எந்தப் பக்கம் என்று சாரே காம்பஸ் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். மாமி அவருக்காக நோன்பு நாட்களில் பொழுது சாய்வதற்கு முன்பே அடை வார்த்து வைப்பார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, கிள்ளினால் தெரியும் ஆனால் வலிக்காது, அப்படி இருந்தது. அவர் கேட்க மாட்டார், சரி. கேட்பதற்குத்தான் நான் இருந்தேனே.

மூன்றாவது வருஷம் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் மாடிக்கு வந்தார். டர்பனில் பள்ளிக்கூட வாத்தியார். ஐம்பது வயது இருக்கும், முகம் எங்கள் சித்தப்பா முகம். தமிழில் 'சோறு', 'தாத்தா', 'போடா' இந்த மூன்று வார்த்தைகள்தான் தெரியும். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன கொள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடி வந்திருந்தார். சாருக்கு அவரை அப்படிப் பிடித்துப்போயிற்று. இந்த ஒரு மனிதருக்குள் இரண்டு கண்டம் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தன் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடச் சொன்னதை நான் பார்த்தேன்.

டர்பன்காரரிடம் கப்பல் பதிவின் நகல் ஒன்று இருந்தது. கொள்ளுத் தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், வயது, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அதற்கு அடுத்து சாதி என்று ஒரு கட்டம். அந்தக் காலத்துக் குமாஸ்தா அழகான எழுத்தில் எங்கள் சாதிப் பெயரை எழுதியிருந்தார். டைப் அடிப்பதற்காக சார் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டியபோது அவர் கட்டைவிரல் சரியாக அந்தக் கட்டத்தின்மேல் இருந்தது.

"இது மட்டும் வேண்டாம்மா. அதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட கணக்கு" என்றார்.

ஊர்ப் பேரைச் சொல்லச் சொல்லித் திருத்துகிறவர் வாயில் 'வெள்ளைக்காரன்' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

டர்பன்காரர் வாடகைக் காரில் அந்தக் கிராமத்துக்குப் போய்வந்தார். குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே பட்டணம் போய்விட்டது, சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் செல்லம்மா என்பவர்தான் நேர் வாரிசு என்று அங்கே ஒரு பெரியவர் சொல்லியிருந்தார். குழந்தை மாதிரி சந்தோஷத்தோடு ஹாலில் நின்று அந்தப் பெயரை உச்சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லம்மா அத்தை எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு ஒன்பது நாள் பக்கத்திலேயே படுத்திருந்தவர்.

"அட, சைதாப்பேட்டைதானே! நம்ம பொண்ணு கூட்டிண்டு... கூட்டிக்கிட்டுப் போகும்" என்றார் சார்.

சரி என்றேன். மறுநாளிலிருந்து நாலு நாள் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. அத்தை முன்னால் அவரோடு போய் நின்றால் ஐந்து நிமிஷத்தில் நான் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த வட்டத்தில் என் இடம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் பயம். டர்பன்காரர் காத்திருக்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்துப் போய் மார்க்கெட்டில் ஒவ்வொரு கீரைக்காரியாக விசாரித்து, அத்தையைக் கண்டுபிடித்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அம்மாதான் வந்து சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையை அழைத்துக்கொண்டு வந்தார். அத்தை நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தி, ஒரு பழைய சர்பத் பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார். வாசலில் மேசை போட்டு நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேர் என்ன?" என்றேன்.

அத்தை பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"செல்லம்மா. எழுதிக்கோங்கம்மா" என்றார் அத்தை. "சைதாப்பேட்டலேர்ந்து வரேன். தண்ணி எங்க தெருக் கொயாத் தண்ணி."

பெயர், நாடு, தண்ணீர் என்று மூன்று கட்டத்தையும் நிரப்பினேன். எங்கள் இருவருடைய பாட்டிலிலும் இருந்தது ஒரே குழாய்த் தண்ணீர்.

டர்பன்காரர் பெருமையோடு அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் சாருக்குப் பக்கத்தில், என் இடத்தில், உட்கார வைத்தார். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். சார் அத்தையைக் கும்பிட்டு வரவேற்றார். சார் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொம்பு சுற்றி வந்தது. அத்தை கைக்கு வந்ததும் பழக்கத்தில் அண்ணாந்தார்.

"உதடு படக் குடிக்கணும்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எச்சி ஆயிடாதா?" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டு, உதடு வைத்து ஒரு வாய் குடித்து, முந்தானையால் விளிம்பைத் துடைத்து சாரிடம் நீட்டினார்.

சார் வாங்கினார். கண்ணை மூடினார். சொம்பு உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது. அவர் குடிக்கத்தான் நினைத்தார். நெற்றி வேர்த்துவிட்டது, கை மட்டும் மேலே போகவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கண்ணைத் திறந்து, புன்னகை செய்து, எழுந்தார்.

"இத்தனை நாள் நாமே குடித்துக்கொண்டிருந்தோம். இன்று பூமி குடிக்கட்டும். நம் எல்லாருக்குமாக" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொம்பை ஏந்திக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனோம். மாமரத்தின் அடியில் மெதுவாக, ஒரு பூஜை மாதிரி, அவ்வளவு தண்ணீரையும் ஊற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"அவுரு குடிக்க மாட்டாரா?" என்று அத்தை பொதுவாக யாரையோ கேட்டார். அடுத்த வாரமே பின்லாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள், சொம்பு மறுபடி உதட்டுக்கு உதடு சுற்றியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று எல்லாரும் போன பிறகு டர்பன்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என் ஆட்கள் என்பதாலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, சாருக்கு வயிறு சரியில்லை" என்றேன்.

"முன்பு எங்கள் ஊரில் போர்டு வைத்திருப்பார்கள். இந்த பெஞ்சு யாருக்கு, இந்தக் குழாய் யாருக்கு என்று. படித்துத் தெரிந்துகொள்ளலாம்" என்றார். அன்று இரவே பெட்டியை எடுத்துக்கொண்டு தி. நகரில் ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சாருடைய கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது. டர்பன்காரருக்கு ஒரு கடிதம் சொன்னார், நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். இந்த வீட்டில் சுவர்கள் கிடையாது, இது உங்கள் வீடு, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒரு வாக்கியத்தில் குரல் உடைந்தது. அவர் நடிக்கவில்லை. அதனால்தான் எனக்குச் சொல்லத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

"சார், நேத்து வந்தவங்க எனக்கு அத்தை முறை. ஒரே தெரு. அவங்களும் நாங்களும் ஒரே ஆளுங்கதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நான் உன்னை என்னிக்காவது கேட்டேனா?"

"இல்ல சார்."

"அப்பறம் ஏன் சொல்றே? நான் கேக்கல. எனக்கு அது தெரிய வேண்டாம். புரிஞ்சுதா? மாமி காதுல விழப்போறது." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க விட்டோம்?" என்றார்.

"இந்த வீட்டில் சுவர்கள் கிடையாது" என்று படித்துக் காட்டினேன். கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். அதன் பிறகும் எட்டு மாதம் அங்கே வேலை பார்த்தேன். என்னை அவர் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை, 'என் சக ஊழியர்' என்று சொல்வதை நிறுத்தவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையிலிருந்து சொம்பை வாங்கிக் குடித்துக்கொண்டும் இருந்தார். தெரிந்துகொண்டு குடித்தாரா, தெரியாததாக வைத்துக்கொண்டு குடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்கவில்லை. போன வருஷம் அவர் காலமானதாக மகள் போன் செய்தாள். அப்படியா என்றேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குழாயடியில் அத்தை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நானும் குடத்தோடு போய்ப் பின்னால் நின்றேன். சண்டை போட்டால் தேவலை என்று இருந்தது. அத்தை போடவில்லை.

"அவரு கையில சொல்லிட்டேன் அத்தே. நா யாருன்னு" என்றேன்.

"சொல்ட்டியா? இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. லெட்டர் அடிக்கச் சொன்னாரு."

"நீ இன்னா பண்ண?"

"அடிச்சிக் குட்த்தேன்."

அத்தை தலையை ஆட்டினார். முன்னால் இருந்தவள் குடத்தை எடுத்தாள். அத்தை தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ தெரியாத மாதிரி கீறது ஏன்னு எனுக்குப் புரிஞ்சிது. வேல பொயப்பு, எல்லாந்தான் கீது. அதான் நானும் காட்டிக்கல. அந்தக் கெயவன் குடிக்காததும் எனுக்குப் பெருசில்ல, அத்த மாதிரி எத்தினியோ பாத்தாச்சு. நீ எம்பேர எய்துன பாரு, அப்போ உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன். கொஞ்சம் நடுங்கும்னு பாத்தேன்." குடம் நிரம்பி வழிந்தது. அத்தை அதைக் கவனிக்கவில்லை. "நடுங்கவே இல்லியேடி."

அத்தை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். என் முறை வந்தது, பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஒன்பதரை மணிக்கு வேலைக்குப் போய்விட்டேன்.